என் குரலில் வந்த செய்தி

மே 11

இன்று பேப்பரில் என் கடிதம் வந்திருக்கிறது. ஒரு பக்கம் எழுதி அனுப்பியதை நாலு வரியாக நறுக்கியிருக்கிறார்கள், போகட்டும். "தொலைக்காட்சி விவாதங்களில் சத்தம் மிஞ்சுகிறது, சேதி காணாமல் போகிறது - வேலுச்சாமி, போடிநாயக்கனூர்." நான் பேப்பரை விரிப்பதற்குள் வாசலில் ஜீப் ஹாரன். ராஜாமுகமது டீக்கடையிலேயே படித்துவிட்டு வந்துவிட்டான்.

"மாப்ளே, வந்துருச்சுய்யா ஒம் பேரு. கெளம்பு, டீ வாங்கிக் குடு."

என் கடிதம் வந்தால் டீ என் கணக்கு. நான் பெரிய கடை வீதியில் ரேடியோ, டிவி ரிப்பேர் கடை வைத்திருந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் மாமன் மச்சான் முறை அவன் அத்தா காலத்திலேயே வந்துவிட்டது. என் வீட்டுக்காரி மொக்கம்மாளுக்கு அவன் அண்ணன், எனக்கு மாப்பிள்ளை. அவன் என் கடிதத்தை முழுசாகப் படிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். பேரை மட்டும் பார்ப்பான்.

மே 14

வெளிநாட்டில் ஏதோ ஒரு நகரம். பிரார்த்தனைக்குக் கூடியிருந்தவர்கள் நடுவில் குண்டு. வைத்தவனும் கடவுள் பேரைச் சொல்லித்தான் வைத்திருப்பான். செத்தவர்களும் அதே நேரத்தில் கடவுள் பேரைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள். காலையிலிருந்து மனசு சரியில்லை.

டிவியைப் போட்டால் அதே புகை, அதே செருப்புகள், திரும்பத் திரும்ப. அதற்கு ஒரு பின்னணி இசை வேறு. சாவுக்கு எதுக்குடா மியூசிக்? இந்தப் பெட்டிகளை எத்தனை வருசம் திறந்து திறந்து பழுது பார்த்திருக்கிறேன். பழுது உள்ளே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

மே 15

அக்கா மகன் பிரதீப் வந்தான். யூடியூபில் செய்திச் சேனல் நடத்துகிறான். போடியில் குழாய் உடைந்தாலும் குரங்கணி ரோட்டில் மரம் விழுந்தாலும் முதல் ஆளாய்ப் போய் நிற்பான். கெட்டிக்காரப் பயல்தான்.

"மாமா, அந்தக் குண்டுவெடிப்பப் பத்தி ஒரு பத்து நிமிசம் பேசுங்க. நம்ம ஊரு வாசகர் கருத்துன்னு போடறேன். ஒங்களுக்கென்ன, பேப்பர்லயே பேரு வர்ற ஆளு."

அந்தக் கடைசி வார்த்தை போதுமே எனக்கு. சட்டையை மாற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நன்றாகத்தான் பேசினேன். எல்லா மதத்திலும் இப்படி ஆட்கள் இருக்கிறார்கள், எந்தச் சாமியும் இதைக் கேட்கவில்லை என்றேன். "இவர்கள் குடிக்கிற தண்ணீரில் விஷம் கலப்பவர்கள். நம் பக்கத்திலேயே சிரித்துப் பேசிக்கொண்டு இருப்பார்கள். அடையாளம் கண்டு ஒதுக்கி வைக்க வேண்டும்" என்றும் சொன்னேன். வெறுப்பைத்தான் விஷம் என்றேன். முடிந்ததும் பிரதீப் கை தட்டினான். மொக்கம்மாள் அடுப்படியிலிருந்து, "ஆத்தி, மேடையில பேசற மாதிரியில்ல பேசறீக" என்றாள்.

மே 18

குரங்கணிக்கு மேலே நமக்கு இருக்கிற ஏலத்தோட்டத்துக்கு மழைக்கு முந்தி அடிக்கிற மருந்து இன்றுதான் அடித்து முடிந்தது. அழுகல் வராமல் இருக்கத் துரிசும், அதாவது மயில்துத்தமும், சுண்ணாம்பும் கரைத்து அடிப்போம். ஏலக்காட்டுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புக்கு இன்று லீவு, அதனால் ராஜாமுகமது வந்தான். என் முழங்கால் குனிய விடாது. கரைப்பது எப்போதும் அவன்தான்.

பிளாஸ்டிக் டிரம் வெயிலில் வெடித்துக் கிடந்தது. கீழே இறங்கிப் போய் வேறு வாங்கி வர யாருக்குத் தெம்பு? பாதையோரத்து சிமெண்டுத் தொட்டியிலேயே கரைத்துவிடுவோம் என்று நான்தான் சொன்னேன். அவன் யோசித்தான். "நடக்கற சனம் பாட்டிலப் பிடிக்கற எடம் மாப்ளே" என்றான். ஒரு நாள்தானே என்றேன். சரியென்று முதல் வேலையாகக் குழாயை அடைத்துவிட்டு, கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டினான். சிவப்புத் துணி கட்டியிருந்தால் மருந்து, குடிக்கக் கூடாது. மலையில் எல்லாருக்கும் தெரியும்.

மூக்கில் ஏறாமல் இருக்கத் துண்டை வாய்க்கு மேல் கட்டிக்கொண்டு நீலத் துரிசைக் கொட்டும்போது, மலையேற வந்த பட்டணத்துப் பிள்ளைகள் போனோடு நின்றார்கள். "வீடியோ எடுத்துக்கவா?" என்று கேட்டார்கள். நீலம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ராஜாமுகமது கையை ஆட்டி, "எடுங்கப்பு, எடுங்க" என்றான். அவர்கள் போன பிறகுதான் சுண்ணாம்பைக் கொட்டினோம். சாயங்காலம் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, தண்ணீரை இறைத்து ஊற்றிவிட்டுத்தான் இறங்கினோம். துணியை இன்னும் எடுக்கவில்லை.

மே 24

எழுத முடியவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

மொக்கம்மாள்தான் போனைக் கொண்டுவந்து நீட்டினாள், பிரதீப் சேனல். "இது நம்ம தொட்டியில்ல?" நம்ம தொட்டிதான். தொப்பியும் வாயில் கட்டிய துண்டுமாக ராஜாமுகமது. நீலப் பொடியைக் கொட்டுகிறான். பின்னால் அவன் ஜீப், நம்பரோடு. கம்பில் சிவப்புத் துணி, அதைச் சுற்றி பிரதீப் ஒரு வட்டம் வேறு போட்டிருக்கிறான் - "இது யாருக்கான சிக்னல்?" மேலே பெரிய எழுத்தில் "மலையேறிகள் குடிக்கும் தண்ணீரில் கலந்தது என்ன?"

அதற்கு மேல் ஒரு குரல். "இவர்கள் குடிக்கிற தண்ணீரில் விஷம் கலப்பவர்கள். நம் பக்கத்திலேயே சிரித்துப் பேசிக்கொண்டு இருப்பார்கள். அடையாளம் கண்டு ஒதுக்கி வைக்க வேண்டும்."

என் குரல்.

எல்லா மதத்திலும் என்றேனே, அது எங்கே? எந்தச் சாமியும் கேட்கவில்லை என்றேனே? நறுக்கிட்டான். பேப்பர்க்காரன் நறுக்கினால் போகட்டும் என்று விட்ட ஆள்தானே நீ.

மே 24, மதியம்

பிரதீப் வீட்டுக்குப் போனேன். சோறு தின்றுகொண்டிருந்தான்.

"அந்தத் தொட்டியில குளிச்சு வளந்த பய நீ. ஒனக்குத் தெரியாதா அது துரிசுன்னு?"

"பாத்தப்பத் தெரியல மாமா. அந்த ட்ரெக்கிங் பசங்க போட்டது குரூப்புல வந்துச்சு. போட்டப்பறந்தான் யாருன்னு தெரிஞ்சுச்சு. அதுக்குள்ள ஓட ஆரம்பிச்சிருச்சு."

"ஓடுச்சுன்னா நிப்பாட்டு."

"நான் எதுவும் சொல்லலியே மாமா. கேள்விதான கேட்டிருக்கேன். கேள்விக்குறி போட்டிருக்கேன் பாருங்க."

பார்த்தேன். போட்டிருக்கிறான். ஒரு ஆளைச் சாகடிக்க அந்தக் குறி ஒன்று போதும் என்று அவன் படித்திருக்கிறான். அக்கா இருந்திருந்தால் தட்டைப் பிடுங்கியிருப்பாள். நான் அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை நின்றேன். எடுத்துவிடுகிறேன் என்றான். எடுத்தும் விட்டான். எடுத்து என்ன செய்ய? வேறு வேறு சேனல்காரர்கள் அதற்குள் ஆளுக்கொரு பேர் வைத்துப் போட்டுவிட்டார்கள்.

மே 25

ராஜாமுகமது வீட்டுக்குப் போனேன். பார்த்துவிட்டான் என்று முகத்திலேயே தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தான்.

"விடு மாப்ளே. நாலு நாளைக்குப் பேசுவாய்ங்க. அஞ்சாம் நாளு வேற எவனாச்சும் கெடைப்பான்."

டீ கொடுத்தார்கள். குடித்தேன். அவன் எனக்கு ஆறுதல் சொல்லி வாசல் வரை வந்து விட்டான். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

மே 28

அஞ்சாம் நாள் வரவில்லை.

அவன் ஜீப்பில்தான் ராசிங்காபுரத்துப் பெண்கள் காலையில் போடிமெட்டு தாண்டி ஏலக்காட்டு வேலைக்குப் போகிறார்கள். வண்டியில் எப்போதும் ஒரு தண்ணீர்க் கேன் இருக்கும். வீட்டுக் கிணற்றில் பிடித்து அவனே ஏற்றி வைப்பான். வளைவுகளில் குமட்டினால் வாய் கொப்பளிக்க, வேலைத் தலத்தில் கஞ்சிக்கு ஊற்ற, எல்லாவற்றுக்கும் அதுதான். இப்போது ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவருகிறார்களாம். யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம். கேன் போனபடியே நிறைந்து திரும்பி வருகிறது.

இதை அவன் சொல்லவில்லை. அவன் சம்சாரம் மொக்கம்மாளிடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

மே 30

ராஜாமுகமதுவைப் போலீஸ் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். துரிசு வாங்கிய கடைக்காரரையும் அழைத்துப் போனேன். அதிகாரி தேனிப் பக்கத்து விவசாயக் குடும்பம் போலிருக்கிறது. வீடியோவைப் பார்த்ததுமே, "இது செடிக்கு அடிக்கிற மருந்துதானப்பா" என்றார். எழுதி வாங்கிக்கொண்டு உடனே அனுப்பிவிட்டார். எனக்கு உயிர் வந்தது.

வெளியே வந்தால் வாசலில் யாரோ போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். சாயங்காலம் அந்தப் போட்டோ வந்துவிட்டது. "நீலப் பொடி விவகாரம்: ஓட்டுநர் காவல் நிலையத்தில்!" விட்டுவிட்டார்கள் என்று எங்கும் இல்லை. உள்ளே போனது செய்தி, வெளியே வந்தது செய்தியில்லை.

ஜூன் 2

நான் கெஞ்சியதில் பிரதீப் ஒரு மறுப்பு வீடியோ போட்டான். தோட்டத்தில் போய் நின்று நானே பேசினேன். இது என் தொட்டி, இது என் மருந்து, தொட்டியில் கரைக்கச் சொன்னது நான், அவன் என் மாப்பிள்ளை. வெடித்த டிரம்மைத் தூக்கிக் காட்டினேன். சிவப்புத் துணி எதற்கென்று சொன்னேன்.

பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதிலும் கீழே ஒருத்தன் எழுதியிருக்கிறான்: "பெரியவர மெரட்டிப் பேச வச்சிருக்கானுக. கண்ணப் பாத்தாலே தெரியுது."

அழுத கண் தம்பி அது.

ஜூன் 4

எல்லாப் பேப்பருக்கும் எழுதிப் போட்டேன். கை வலிக்க வலிக்க எழுதினேன். போன் போட்டும் கேட்டேன். ஒரு பேப்பர் ஆபீசில் ஒரு பெண், "சார், நாங்க அந்தச் செய்தியே போடலையே, மறுப்பு மட்டும் எப்படிப் போட?" என்றாள். நியாயம்தான். எல்லாரிடமும் ஒரு நியாயம் இருக்கிறது.

ஏதேதோ நாட்டுச் சண்டைக்கெல்லாம் கருத்துச் சொன்னேன். எல்லாம் அச்சில் வந்தது. ராசிங்காபுரம் ரோட்டில் ஓடுகிற ஒரு ஜீப்பைப் பற்றி எழுதினால் போட ஆளில்லை.

ஜூன் 5

ஜீப்பின் முன் கண்ணாடியைக் கல்லால் அடித்து உடைத்திருக்கிறார்கள். யாரென்று தெரியாது. தெருவில் யாருக்கும் சத்தம் கேட்கவில்லையாம்.

தீவிரவாதம் என்றால் எனக்கு ஒரு படம் மனசில் இருந்தது. தாடி, துப்பாக்கி, பாலைவனம், இல்லையென்றால் சூலமும் கூச்சலும். இது அப்படி எதுவும் இல்லை. நம்ம தெருவில், காலையில் பல் விளக்கிவிட்டு வந்து எவனோ கல் எடுத்திருக்கிறான். அவனுக்கு அவன் செய்தது நல்ல காரியம். ஒதுக்கி வைக்கச் சொன்ன பெரியவரின் பேச்சு அவன் போனில் இருக்கிறது.

ஜூன் 9

பொறுக்க முடியாமல் விடியும் நேரத்தில் ராசிங்காபுரம் விலக்குக்குப் போய் நின்றேன். கண்ணாடி மாற்றி வண்டி வந்து நின்றது. பெண்கள் தள்ளி, வேறு ஜீப்புக்காக நின்றார்கள். அவர்களில் மூத்தவள் வீரலட்சுமி. மருந்தடிப்பில் கெட்டிக்காரி, கை நகமெல்லாம் துரிசு ஏறி நீலமாக இருக்கும். அவளுக்கு நான் சொல்லித் தர ஒன்றுமில்லை.

"ஏத்தா, அது துரிசுன்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியாம என்னண்ணே. பாத்த ஒடனே தெரிஞ்சுச்சு."

"சிவப்புத் துணி?"

"நாங்களுந்தான கட்டறோம்."

"பெறகு எதுக்கு ஏற மாட்டேங்குற?"

அவள் வேலைப் பையைத் தோளில் மாற்றிப் போட்டாள். ராஜாமுகமது ஜீப்பில் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவனுக்குக் கேட்கும் தூரம்தான்.

"எம் மகன் ஏறக் கூடாதுங்கறான். ஏறினா வேலைக்கே போவ வேணாங்கறான். ஊர்ல எல்லாரும் ஏறலண்ணே. நான் மட்டும் ஏறி, நாளைக்கு ஒண்ணுன்னா எம் மூஞ்சியத்தான பாப்பாக. எனக்குத் தெரியும்ணே. தெரிஞ்சு என்ன செய்ய?"

வேறு ஜீப் வந்தது. ஏறிப் போய்விட்டார்கள்.

தெரியாதவர்களுக்குத் தெரியப்படுத்தினால் போதும் என்றுதான் இத்தனை வருசம் எழுதினேன். உண்மை வெளியே வந்தால் பொய் ஓடிவிடும் என்று. உண்மை இங்கே எல்லாருக்கும் தெரிகிறது. தெரிந்துகொண்டே பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோகிறார்கள். இதற்கு நான் யாருக்குக் கடிதம் எழுத?

காலி ஜீப்பில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து போடி வரை வந்தேன். கேனைத் திறந்து ஒரு தம்ளர் குடித்தேன். அவன் பார்த்தான். என்ன பிரயோசனம், நான் ஒருத்தன் குடித்து.

ஜூன் 13

சாப்பாடு இறங்கவில்லை. மொக்கம்மாள் திட்டுகிறாள். டிவியைக் கழற்றிப் பரணில் போட்டேன்.

ஜூன் 21

ராஜாமுகமது வந்தான். ஜீப்பைக் கம்பத்துக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டானாம். திருப்பூரில் மச்சினன் இருக்கிறான், கம்பெனி வேன் ஓட்டப் போகிறானாம். குடும்பத்தோடு.

தோட்டத்துக் கேட் சாவி எப்போதும் அவனிடம்தான் இருக்கும். அதை மேசையில் வைத்தான். நான் பேச ஆரம்பித்தேன். போகாதே என்றேன், கொஞ்ச நாளில் சரியாகும் என்றேன், பிரதீப்பைக் கூட்டி வந்து உன் காலில் விழ வைக்கிறேன் என்றேன். என்னென்னவோ சொன்னேன். அவன் கையைத் தூக்கி நிறுத்தினான்.

"கொஞ்சம் பேசாம இரு மாப்ளே."

நிறுத்தினேன்.

"ஒம் மேல கோவமில்ல. அல்லா மேல சத்தியமாக் கோவமில்ல. நீ எனக்காகத்தான் அலையற, தெரியும். ஆனா நீ வாயத் தொறந்தா எனக்கு அதுதான் கேக்குது. நீ டீ குடிக்கறியான்னு கேட்டாக்கூட அதுக்குள்ள அந்த வீடியோதான் கேக்குது. நான் என்ன செய்ய, சொல்லு."

மொக்கம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவன் போகும்போது, "தங்கச்சி, வர்றேன்" என்று அவளிடம் சொல்லிக்கொண்டான். என் தோளைத் தொட்டான். நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் அவனுக்கு அதுதானே கேட்கும்?

ஜூன் 22

போய்விட்டார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு நான் போகவில்லை. போகாதது சரியா தப்பா என்று தெரியவில்லை.

ஜூலை 6

நான் அன்றைக்கு எழுதிப் போட்டதில் ஒன்று இன்று பேப்பரில் வந்திருக்கிறது. ராஜாமுகமது பேர் இல்லை. தொட்டி இல்லை. துரிசு இல்லை. "மதத் தீவிரவாதம் எந்த வடிவில் வந்தாலும் இரும்புக் கரம் கொண்டு ஒடுக்கப்பட வேண்டும் - வேலுச்சாமி, போடிநாயக்கனூர்." கடிதத்தின் கடைசி வரி அது. மேலே இருந்ததையெல்லாம் வெட்டிவிட்டு அதை மட்டும் போட்டிருக்கிறார்கள்.

வாசலில் ஹாரன் இல்லை. நானே பால் வாங்கி வந்து டீ போட்டுக் குடித்தேன்.

ஜூலை 7

பேப்பர் போடுகிறவரிடம் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 19

பிரதீப் போன் பண்ணினான். எங்கோ ஒரு நாட்டில் மறுபடியும் ஏதோ. "மாமா, ஒரு கருத்து..." என்றான். வைத்துவிட்டேன். திட்டக்கூட வரவில்லை. யாருக்கும் தெரியாமல் எழுதுகிற இந்த நோட்டில்கூட உலகத்தைப் பற்றி எனக்கு ஒரு கருத்தும் தோன்ற மாட்டேன் என்கிறது.

ஆகஸ்ட் 8

மழை விட்டு இன்றுதான் தோட்டத்துக்குப் போனேன். முழங்கால் வலியோடு நடந்தே. செடி நன்றாக இருக்கிறது. அழுகலே இல்லை. அவன் கரைத்த மருந்து நின்று பிடித்திருக்கிறது. தொட்டியின் அடியில் மட்டும் தேய்த்தும் போகாத நீலக் கறை. மழைத் தண்ணீர் அதன் மேல் தெளிவாக நின்றது. கம்பில் சிவப்புத் துணி வெளுத்துத் தொங்கியது. அவிழ்க்கப் போனேன். அவன் போட்ட முடிச்சு, அவிழ்க்க வரவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 13

காலையில் மொக்கம்மாள் போன் அடித்தது. அவன்தான். எனக்குப் போடவில்லை, அவளுக்குப் போட்டிருக்கிறான். அவள் ஸ்பீக்கரில் போட்டு அடுப்படியில் வைத்துக்கொண்டு பேசினாள். நான் கையில் இருந்த வேலையை விட்டுவிட்டு வாசல்படி ஓரமாக உட்கார்ந்தேன்.

திருப்பூர்த் தண்ணீர் உப்பாம். வேன் பரவாயில்லையாம். சின்ன மகள் வேலைக்குப் போகிறாளாம். மழை எப்படி என்று கேட்டான். பிறகு, "ரெண்டாவது மருந்து அடிக்கற நேரமாச்சேத்தா. அடிச்சாச்சா?" என்றான்.

"எங்கண்ணே, ஆளு கெடைக்கல."

"வெரசா அடிக்கச் சொல்லு. தொட்டியில கரைக்க வேணாம்னு சொல்லு. ஒரு டிரம் வாங்கச் சொல்லு."

மொக்கம்மாள் என்னைப் பார்த்தாள். பேசுங்கள் என்று போனை நீட்டினாள். நான் தலையை ஆட்டிவிட்டேன்.

"அவுக இருக்காகளா?" என்று கேட்டான்.

"இங்கனதான் உக்காந்திருக்காக."

மொக்கம்மாள் அடுப்பைத் தணித்தாள். பிறகு, "இருக்கட்டும்" என்றான்.

மத்தியானம் கடைக்குப் போய் டிரம் ஒன்று வாங்கி வந்தேன்.